சட்டைப் பையில் ஒரு பீரோ! பூட்டு எங்கே?

வெள்ளிமலையில் இருந்து புறப்பட்ட பஸ், வளைந்து வளைந்து மலைப்பாதையில் இறங்குகிறது. கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்குப் போகிற பஸ் அது.

கல்லூரியில் சேரப் போகும் ஒரு பெண் அதில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவள் பையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சின்னப் பொருள் இருக்கிறது. அதன் பெயர் ‘பென் டிரைவ்’.

அதற்குள் என்ன இருக்கிறது? சாதிச் சான்றிதழ், பிளஸ்-2 மதிப்பெண் பட்டியல், ஆதார் அட்டை, அப்பாவின் நிலப் பட்டா, பாங்கி புத்தகத்தின் முதல் பக்கம்! ஒரு குடும்பத்தின் பீரோவே அதற்குள் இருக்கிறது.

கல்வராயன் மலையில் வாழும் மலையாளி இன மக்கள், பழங்குடியினர் பட்டியலில் உள்ளவர்கள். கல்லூரி இடம், உதவித்தொகை, சர்க்கார் வேலை எல்லாவற்றுக்கும் சாதிச் சான்றிதழ் வேண்டும். 2019-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆயிற்று. அதற்கு முன்பு கலெக்டர் ஆபீசுக்கு விழுப்புரம் போகவேண்டும். இப்போது தூரம் குறைந்துவிட்டது. காகிதக் கட்டும் குறைந்துவிட்டது. ஆனால் மலையில் எல்லா இடத்திலும் ‘சிக்னல்’ கிடைப்பதில்லை. ஆகவே பென் டிரைவ் கைகொடுக்கிறது.

அது பஸ்சில் விழுந்துவிட்டால்?

எடுத்தவர் கையில் குடும்பத்தின் ஜாதகமே போய்ச் சேரும்! இது வீண் பயம் அல்ல. பெரிய பெரிய ஆபீசுகளே இப்படித் தொலைத்துவிட்டுத் திண்டாடி இருக்கின்றன.

லண்டன் தெருவில் கிடந்தது!

2017-ம் ஆண்டு அக்டோபர் மாதம், லண்டன் நகரத் தெரு ஒன்றில் ஒரு பென் டிரைவ் கிடந்தது. கண்டெடுத்தவர் அதை ஒரு நூலகக் கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தார். உடனே திறந்துகொண்டது! பூட்டே இல்லை.

அது உலகப் புகழ்பெற்ற ஹீத்ரு விமான நிலையத்துக்குச் சொந்தமானது. 1,000-க்கு மேற்பட்ட கோப்புகள் அதில் இருந்தன. பத்துப் பேருடைய பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண்களும் இருந்தன. விஷயம் பத்திரிகைக்குப் போய்விட்டது.

விசாரணை நடந்தது. விமான நிலையத்தின் 6,500 ஊழியர்களில் 100-க்கு 2 பேருக்குத்தான் தகவலைப் பாதுகாக்கும் பயிற்சி தரப்பட்டிருந்தது என்று தெரிய வந்தது. 2018-ல் விமான நிலையத்துக்கு 1 லட்சத்து 20 ஆயிரம் பவுண்டு அபராதம் போட்டார்கள்.

குடித்தார், தூங்கினார்!

அடுத்த சம்பவம் ஜப்பானில் நடந்தது.

2022-ம் ஆண்டு ஜூன் மாதம். அமகசாகி நகரசபையின் ஒப்பந்த வேலையைச் செய்த ஒருவர், நகர மக்கள் சுமார் 4 லட்சத்து 60 ஆயிரம் பேருடைய விவரங்களைப் பென் டிரைவில் எடுத்துச் சென்றார். கொரோனா உதவிப் பணம் கொடுக்கும் வேலைக்காக அது தேவைப்பட்டது. வேலை முடிந்ததும் விவரங்களை அழித்திருக்க வேண்டும். அழிக்கவில்லை. சக ஊழியர்களோடு மது அருந்தப் போனார். தெருவிலேயே தூங்கிவிட்டார். விழித்துப் பார்த்தால் பையைக் காணோம்!

ஊர் முழுவதும் பரபரப்பு. மேயர் மன்னிப்புக் கேட்டார். ஜூன் 24-ந் தேதி பை கிடைத்தது. விவரங்கள் வெளியே போனதற்கு அடையாளம் இல்லை. பென் டிரைவ் ரகசியச் சொல்லால் பூட்டப்பட்டிருந்தது.

ஆனால் ஒரு வேடிக்கை! அந்த ரகசியச் சொல்லில் 13 எழுத்துகள் என்று அதிகாரிகளே நிருபர்களிடம் சொல்லிவிட்டார்கள். அது எந்தச் சொல்லாக இருக்கும் என்று ஜனங்கள் ஊகிக்கத் தொடங்கிவிட்டார்கள்!

இரண்டு இடத்திலும் தொலைந்தது பென் டிரைவ்தான். ஒன்றில் பூட்டு இல்லை; மானம் போயிற்று. மற்றொன்றில் பூட்டு இருந்தது, மக்கள் தப்பினார்கள். இரண்டிலும் ஆபத்து யாருக்கு? தொலைத்தவருக்கு அல்ல. யாருடைய விவரம் உள்ளே இருந்ததோ, அவர்களுக்கு!

ஏன் இப்படி?

2000-ம் ஆண்டில் பென் டிரைவ் கடைக்கு வந்தபோது, அதன் கொள்ளளவு 8 எம்.பி. இன்று 64 ஜி.பி. பென் டிரைவ் சாதாரணமாகக் கிடைக்கிறது. அதாவது 8 ஆயிரம் மடங்கு! சாமான் பெருகிவிட்டது. பூட்டுகிற பழக்கம்தான் வளரவில்லை.

தனிநபர் விவரங்களைக் காக்க, நம் நாட்டில் 2023-ல் சட்டம் வந்தது. பாதுகாப்பில் கோட்டை விடும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் போடலாம். அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகளுக்கு 18 மாதத் தவணை கொடுக்கப்பட்டது. ஆனால் குடும்பத்தின் சொந்தப் பென் டிரைவை எந்தச் சட்டம் வந்து பூட்டும்? வீட்டில் உள்ளவர்கள்தான் பூட்ட வேண்டும்.

எப்படிப் பூட்டுவது?

சில விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் ‘பிட்லாக்கர்’ என்ற பூட்டு இருக்கிறது. அது இல்லாதவர்களுக்கு ‘வெராகிரிப்ட்’ இலவசமாகக் கிடைக்கிறது. ரகசியச் சொல் நீளமாக இருக்கவேண்டும். பெயர், பிறந்த ஆண்டு கூடாது. மறந்தும் விடக்கூடாது. மறந்தால் சொந்தக்காரராலும் திறக்க முடியாமல் போகலாம்!

இணையத்தில் எடுக்கும் ஆதாருக்கு ஏற்கெனவே பூட்டு உண்டே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த ஆண்டும்தான் அதன் சாவி. தெரிந்தவர் எவரும் திறந்துவிடலாம்.

கடைக்குப் பிரிண்ட் எடுக்கப் போகும்போது, பீரோவை முழுவதும் தூக்கிக்கொண்டு போகவேண்டாம். தேவையான ஒரு காகிதத்தை மட்டும் வேறு பென் டிரைவில் கொண்டு போனால் போதும். பூட்டைக் கடைக் கம்ப்யூட்டரில் திறந்தால், அங்கே அது திறந்த வீடுதான். பலர் செருகிய கம்ப்யூட்டரில் வைரசும் இருக்கலாம். வீட்டுக் கம்ப்யூட்டரில் செருகும் முன்பு சோதிக்கவேண்டும்.

‘டெலீட்’ செய்தால் அழிந்துவிட்டது என்று நினைப்பதும் தவறு. வாசலில் பெயர்ப் பலகையைக் கழற்றுவது போலத்தான் அது. ஆள் உள்ளேயே இருப்பார்! தெரிந்தவர்கள் மீட்டுவிடுவார்கள்.

இன்னொரு நகல் வீட்டில் இருக்கட்டும். மத்திய சர்க்காரின் ‘டிஜிலாக்கர்’ வசதியிலும் சான்றிதழ்களை வைக்கலாம். மோசடியில் பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யவேண்டும்.

ஊருக்குப் புறப்படும்போது கதவைப் பூட்டுகிறோம். பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்த பிறகுதான் பஸ் ஏறுகிறோம். அந்தப் பெண்ணின் பையில் இருக்கும் பீரோவையும், மலை இறங்கும் முன்பு ஒரு தடவை இழுத்துப் பார்க்கவேண்டும்.