முதல் ஹெலிகாப்டர் சிறியதாகவே இருக்கட்டும்

ரயிலே இல்லாத இந்தத் தீவுகளில், ஓய்வு பெற்ற ஒரு ரயில்வேக்காரன் ஹெலிகாப்டரைப் பற்றி எழுதுவது அன்பர்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் தவறு செய்தவன் நானே என்பதால் எழுதுகிறேன்.

2018இல் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாறினாலும் நாம் இன்றும் ஹேவ்லாக் என்றே சொல்லும் ஊரில், என் பேரனின் பிறந்தநாளுக்கு ரிமோட் கண்ட்ரோல் ஹெலிகாப்டர் ஒன்றை மெயின்லேண்டிலிருந்து வரவழைத்தேன். விலை கூடினால் பொருளும் நல்லது என்று எண்ணிப் பெரியதாகவே வாங்கினேன். விஜயநகர் கடற்கரையில் அது தலை உயரம் எழும்பியது, கடற்காற்று தள்ளியது, மணலில் மோதியது. உடைந்த பிளேடின் துண்டு பேரனின் காதருகே பறந்து சென்றது. அன்றிலிருந்து அவன் அந்தப் பெட்டியைத் திறப்பதே இல்லை.

இது வெறும் விளையாட்டுச் சாமான் அன்று. 2013இல் நியூயார்க்கின் புரூக்ளினில், பழகிய கையுடைய 19 வயது இளைஞர் ஒருவர், தாம் இயக்கிய ஹெலிகாப்டரே தலையில் மோதி உயிரிழந்தார்.

ரயில்வேயில் புதிதாக வந்தவரை எடுத்த எடுப்பில் மெயில் வண்டி ஓட்ட விடுவதில்லை. முதலில் உதவி ஓட்டுநர், பிறகு ஷண்டிங், சரக்கு வண்டி, பயணிகள் வண்டி, கடைசியில்தான் மெயில். இங்கும் அந்தப் படிகள் வேண்டும்.

ஹெலிகாப்டரின் விசிறி ஒரு பக்கம் சுற்றினால் உடல் மறுபக்கம் சுற்றப் பார்க்கும். அதைத் தடுக்கவே வாலில் சிறு விசிறி. ஒன்றன்மேல் ஒன்றாக இரு விசிறிகள் எதிரெதிராகச் சுற்றும் வகையில் இந்தத் தொல்லை தானே தீர்ந்துவிடுகிறது. உள்ளங்கை அளவுள்ள அந்த வகையே முதல் படி. அது காற்றில் தாங்காது. வீட்டுக் கூடத்தில் ஓட்டலாம். அடுத்தது வால் விசிறியுடைய எளிய வகை. பிளேடின் கோணத்தையே மாற்றித் தலைகீழாகவும் பறக்கும் வகை கடைசிப் படி. இடையில் கம்ப்யூட்டரில் சிமுலேட்டர் வைத்துப் பழகுவது நல்லது. ஹெலிகாப்டரின் முகம் நம்மை நோக்கித் திரும்பினால் நமக்கு இடமும் வலமும் மாறிவிடும். அந்தக் குழப்பத்தில் கம்ப்யூட்டரில் நூறு முறை விழுந்தாலும் செலவில்லை.

"சிறியது சீக்கிரம் அலுத்துவிடும், பெரியதுதான் காற்றில் நிலைத்து நிற்கும்" என்பார்கள் சிலர். உண்மைதான். ஆனால் அது பழகிய கைக்குச் சொன்னது. பழகாத கையில் பெரியது பெரிதாகவே உடையும். உதிரி பாகம் விமானத்திலோ கப்பலிலோ வந்து சேரும்வரை காத்திருக்கும் நமக்கு, பாகம் எளிதில் கிடைக்கும் மாடலே முதல் தகுதி. உப்புக்காற்று பேரிங்கையும் திருகாணியையும் அரிக்கும். ஓட்டியதும் துடைத்து வையுங்கள். லித்தியம் பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். உப்பிய பேட்டரியைத் தொடவே வேண்டாம்.

சட்டமும் உண்டு. 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்படாதது நானோ வகை. அதை ஓட்ட லைசென்ஸ் தேவையில்லை. அதற்காகத் தடைசெய்த வான்பகுதியில் பறக்கவிடலாம் என்று பொருளன்று. நம் தீவுகள் முப்படைகளின் கூட்டுத் தலைமையகம் உள்ள இடம். ஹேவ்லாக்கிலோ நிஜ ஹெலிகாப்டரே வந்து இறங்குகிறது. டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்து, காவல் நிலையத்திலும் கேட்ட பிறகே வெளியில் பறக்க விடுங்கள்.

சில நாட்களுக்கு முன் உள்ளங்கை அளவில் ஒன்று வாங்கி, கூடத்தில் நானே பழகத் தொடங்கினேன். மூன்றாம் நாள் பேரன் கதவோரம் வந்து நின்றான். "தாத்தா, வால் பக்கம் உங்களைப் பார்த்து இருக்கட்டும், அப்பத்தான் சுலபம்" என்றான். ரிமோட்டை அவன் கையில் கொடுத்துவிட்டேன்.

பிள்ளைகளுக்கு வாங்கித்தரும் பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் பணத்தின் அளவை விட்டு, பிள்ளையின் படியைப் பாருங்கள். என் வேண்டுகோள் அவ்வளவே.