எண்ணும் கண்ணும்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றிய மரபு நம் தமிழ் மரபு. ஆயினும், எழுத்தைக் கற்பிக்க நாம் கொள்ளும் அக்கறையில் பாதியேனும் எண்ணைக் கற்பிக்கக் கொள்கிறோமா என்பது ஐயமே. அகரத்திற்கு அணிலும் ஆகாரத்திற்கு ஆடும் படமாய் வந்து நிற்கின்றன. எண்ணோ பெரும்பாலும் ஓசையாகவே குழந்தையின் செவியில் நுழைகிறது. இக்குறை நீங்க, ஊர்ப்புறக் குழந்தைகளின் கைகளில் எண்ணுப் படநூல்கள் தவழ வேண்டும் என்பது நம் கருத்து.

ஒன்று முதல் நூறு வரை பிழையின்றி ஒப்பிக்கும் குழந்தையிடம் ஏழு புளியங்கொட்டை கேட்டால், கைநிறைய அள்ளித் தருவதைக் காண்கிறோம். ஒப்பித்தல் வேறு, எண்ணுதல் வேறு. பொருள் ஒன்றுக்குச் சொல் ஒன்று; சொற்களின் வரிசை மாறலாகாது; இறுதியிற் சொன்ன சொல்லே தொகை. எண்ணுதலுக்கு அடிப்படையான நெறிகளுள் இம்மூன்றையும் அமெரிக்க உளவியலறிஞர் கெல்மனும் காலிஸ்டலும் 1978இல் தம் நூலில் விளக்கினர். தஸ்பீஹ் உருட்டும் நம் பாட்டிமார் அவற்றுள் முதல் நெறியை விரல் நுனியில் வைத்துள்ளனர். மணி ஒன்று நகரத் திருச்சொல் ஒன்று பிறக்கிறது.

படநூல் இப்பயிற்சியை விளையாட்டாக்குகிறது. குழந்தை விரல் வைத்துத் தொட்டு எண்ணலாம். தவறினால் மீண்டும் தொடங்கலாம். பறவை பறந்துவிடும், படம் காத்திருக்கும். கொமேனியஸ் 1658இலேயே குழந்தைகளுக்கெனப் படநூல் வெளியிட்டார். 1969இல் எரிக் கார்ல் படைத்த பசித்த கம்பளிப்புழுவின் கதையில், புழு திங்களன்று ஓர் ஆப்பிளையும் செவ்வாயன்று இரண்டு பேரிக்காய்களையும் தின்று, வெள்ளியன்று ஐந்து ஆரஞ்சுகளை எட்டுகிறது. புழு துளைத்த ஓட்டைகள் தாளிலேயே இருப்பதால் பிஞ்சு விரல் அவற்றில் நுழைந்து எண்ணுகிறது. அந்நூலின் வெற்றி உலகறிந்தது.

ஆனால் அப்பழங்கள் அந்நாட்டார் தோட்டத்தவை. ஏரிகள் சூழ்ந்த உத்திரமேரூர் வட்டாரக் குழந்தைக்கு அதன் ஊரே எண் சுவடியாகலாம். ஒன்றுக்கு ஏரியின் மேல் எழும் நிலவு; இரண்டுக்கு எருதின் கொம்புகள்; மூன்றுக்குப் பனங்காயின் நுங்குகள்; நான்குக்குப் பசுவின் மடிக்காம்புகள்; ஐந்துக்கு விரித்த கை; ஆறுக்கு எறும்பின் கால்கள். ஏழுக்கு நாரைகளைத் தீட்டலாம். வேடந்தாங்கல் தொலைவில் இல்லை. ஒரு பக்கத்தில் நான்கு நாரைகள் நீரிலும் மூன்று மரத்திலும் இருக்கட்டும். மறுபக்கத்தில் ஐந்து நீரிலும் இரண்டு மரத்திலும் இருக்கட்டும். இடம் மாறினும் தொகை மாறாது என்பதும், கூட்டல் என்பது யாது என்பதும் ஆசிரியர் வாய் திறவாமலே விளங்கிவிடும்.

சுழியத்தையும் படம் காட்டும். மூன்று முட்டைகள் இருந்த கூடு, பக்கந்தோறும் ஒவ்வொன்றாய்க் குறைந்து வெறுங்கூடாகட்டும். இந்திய எண்முறையை விளக்கி அல்-குவாரிஸ்மி 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் நூல் யாத்தார். சுழியத்தை அரபு மொழி 'ஸிஃப்ர்' என்றது. வெறுமை என்பது அதன் பொருள். நம் ஊரார் சொல்லும் 'சைபர்' அச்சொல்லின் வழிவந்ததே.

படமின்றியே நம் முன்னோர் திண்ணைப் பள்ளியில் கணக்கில் வல்லவராயினரே என்பார் உளர். மெய்தான். ஆனால் அவர்தம் கையில் புளியங்கொட்டையும் பல்லாங்குழிச் சோழியும் இருந்தன. முதலில் பொருள், அடுத்துப் படம், பின்னர்க் குறி என்பதே இயல்பான ஏணி. நடுப்படியை நீக்கிவிட்டுக் குழந்தை ஏறவில்லை என்று குறை கூறுதல் அறமன்று. கொரோனாக் காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்யத் தமிழக அரசு 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் செயல்வழிக் கற்றலுக்கு இடமளித்தது. எனினும் பள்ளிக்கு முந்திய பருவத்தில், நூலே இல்லாத வீட்டில், யார் படம் காட்டுவது?

கல்லூரித் தமிழ்த்துறைகள் இப்பணியை ஏற்கலாம். நாட்டு நலப்பணி முகாமுக்குச் செல்லும் மாணவர், ஊருக்கொரு எண்ணுப் படநூலைத் தடித்த அட்டையில் தாமே வரைந்து அங்கன்வாடிக்கு அளிக்கலாம். பக்கத்திற்கு ஒரு காட்சியும் எளிய தமிழில் ஒரு வரியும் போதும். தாய் எழுத்தறியாதவராயினும் படத்தைக் காட்டி எண்ண இயலும்.

முதற் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) குடவோலை முறையை விரிக்கின்றன. குடத்திலிருந்து ஓலை எடுக்க ஏதும் அறியாப் பாலன் ஒருவனையே நிறுத்தினர். அன்று அவன் அறியாமை ஊருக்கு நடுநிலை தந்தது. இன்று அதே மண்ணின் பாலன் அறிந்தவனாக வேண்டும். எண்ணத் தெரிந்தவனே நாளை தன் கூலியையும், கடையின் எடையையும், தன் வாக்கின் பயனையும் ஏமாறாது காப்பான். அதற்கான முதற்பக்கத்தை வரைந்து கொடுப்பது கற்றோர் கடன். அக்கடனாற்ற முனைவோமாக!