அந்தக் கையில் குத்தாதே!

ஊசி போடுவது சின்ன வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. டயாலிசிஸ் செய்துகொள்ளும் நோயாளியைக் கேட்டால் தெரியும். அவருக்கு அது உயிர்ப் பிரச்சினை!

சிறுநீரகம் கெட்டுப்போனால் ரத்தத்தை எந்திரம்தான் சுத்தம் செய்யவேண்டும். ஒரு தடவைக்கு சுமார் 4 மணி நேரம். வாரத்துக்கு 2 அல்லது 3 தடவை. ஒவ்வொரு தடவையும் 2 பெரிய ஊசி. ரத்தத்தை வெளியே எடுக்க ஒன்று. திரும்ப உள்ளே விட இன்னொன்று. வாரம் 3 தடவை என்றால் வருஷத்துக்கு 312 குத்து!

இத்தனை குத்தைச் சாதாரண ரத்தக்குழாய் தாங்காது. அதனால் கையில் ஆபரேஷன் செய்து தமனியையும் சிரையையும் இணைக்கிறார்கள். இதற்குப் பெயர் பிஸ்டுலா. 1966-ல் அமெரிக்க டாக்டர்கள் வெளியிட்ட முறை இது. இணைத்த குழாய் பருத்து, ஊசி தாங்கும் பக்குவத்துக்கு வரப் பல வாரம் ஆகும். நோயாளிக்கு அதுதான் கைமுதல்.

ஒரே இடமா?

அந்தக் கைமுதலை அவசரம் அழித்துவிடுகிறது. சுலபமாகக் கிடைக்கிற இடத்திலேயே திரும்பத் திரும்பக் குத்துகிறார்கள். "அங்கே மரத்துப்போச்சு சிஸ்டர், வலிக்காது, அங்கேயே குத்துங்க" என்று நோயாளியும் சொல்கிறார். நாளாக நாளாகக் குழாயின் சுவர் நைந்து பலூன் மாதிரி வீங்குகிறது. வெடித்தால் உயிருக்கே ஆபத்து!

ஏணிப்படி ஏறுவதுபோல இன்று ஓர் இடம், அடுத்த தடவை கொஞ்சம் தள்ளி என்று மாற்றிக் குத்தவேண்டும். ஒரே துளையில், ஒரே கோணத்தில் மொட்டை ஊசியை விடும் "பட்டன் துளை" முறையும் உண்டு. அதற்குத் தேர்ந்த கை வேண்டும். சுத்தத்தில் தவறினால் கிருமி புகுந்துவிடும்.

பிஸ்டுலா உள்ள கையில் பிரஷர் பார்க்கக்கூடாது. சோதனைக்கு ரத்தம் எடுக்கக்கூடாது. இறுக்கமான வாட்ச், வளையல் கூடாது. அந்தக் கையை மடக்கித் தலைக்கு வைத்துத் தூங்கவும் கூடாது. தினமும் விரல் வைத்துப் பார்த்தால் பூனை உறுமுகிற மாதிரி "கிர்" என்று அதிர்வு தெரியவேண்டும். அது நின்றுபோனால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்!

ஒரு தாள், ஒரு பேனா

மத்திய அரசு 2016-ல் தேசிய டயாலிசிஸ் திட்டத்தை அறிவித்தது. மாவட்ட ஆஸ்பத்திரிகளில் ஏழைகளுக்கு இலவசம் என்றது. நல்ல காரியம்! ஆனால் எந்திரம் வந்தால் மட்டும் போதுமா? ஊசி பிடிக்கும் கைக்குப் பயிற்சி வேண்டும். நேரமும் வேண்டும். ஒரே நர்சின் தலையில் பல நோயாளிகளைக் கட்டிவிட்டு, அவரைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

ஒவ்வொரு கட்டிலிலும் நோயாளியின் கைப்படம் ஒன்று தொங்கட்டும். இன்று குத்திய இடத்தில் ஒரு புள்ளி. அடுத்து வரும் நர்சு பார்த்தாலே புரியும். இதற்கு லட்சக்கணக்கில் செலவில்லை.

"இந்தக் கை வேண்டாம் சார், அந்தக் கையில எடுங்க" என்று நோயாளி சொன்னால் யாரும் எரிந்து விழவேண்டாம். அவர் உயிரை அவர் காப்பாற்றிக்கொள்கிறார்!