மாடு தின்ற கொழுப்பும் மருத்துவக் கொழுப்பும்

கொழுப்பு என்ற சொல்லுக்கு ஊரில் ஓர் அர்த்தம், சேரியில் ஓர் அர்த்தம். கூலியைக் கூட்டிக் கேட்டால் கொழுப்பு. செருப்புப் போட்டுக்கொண்டு ஊர்த்தெருவில் நடந்தால் கொழுப்பு. நாலெழுத்துப் படித்தவன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டால் ‘மாடு தின்ன கொழுப்பு பேசுது.’ சேரியில் கொழுப்பு என்பது சட்டியில் போட்டு உருக்கி எடுக்கிற பண்டம். உருகி வந்த நெய்யைச் சோற்றில் ஊற்றிக்கொள்வோம், வறுபட்டு மிஞ்சியதைப் பிள்ளைகள் கையில் கொடுப்போம்.

இப்போது மூன்றாவதாக ஓர் அர்த்தம் வந்திருக்கிறது. மாவுச்சத்தைக் குறை, கொழுப்பைக் கூட்டு, சர்க்கரை இறங்கும், உடம்பு இளைக்கும் என்கிறார்கள். பேலியோ என்று பெயர். உலக மொழிகள் பலவற்றிலும் இது கிடைக்க வேண்டும் என்கிறார்கள். தமிழில் எப்போதோ கிடைத்தாயிற்று. நியாண்டர் செல்வன் எழுதிய ‘பேலியோ டயட்’ கிழக்கு பதிப்பகம் வழியாக வந்து, மஞ்சள்கருவைக் கண்டு நடுங்கிக்கொண்டிருந்த நடுத்தர வர்க்கத்தின் பயத்தைத் தெளியவைத்தது. டாக்டர்களும் ஆங்கிலமும் பூட்டி வைத்திருந்த ஒரு விஷயத்தைத் தமிழில் பேசவைத்தது சின்ன வேலையல்ல. அதை மறுக்க நான் வரவில்லை.

இந்த யோசனையைப் பொய் என்று சொல்லவும் வரவில்லை. அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் 2019 அறிக்கை, ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதில் மாவுச்சத்தைக் குறைப்பதற்குத்தான் கூடுதல் சான்று இருப்பதாகச் சொன்னது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு நடந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் கணக்குச் சொன்னது. நாம் உண்ணும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருவதாக 2025இல் சொன்னது. ஆக, சோறு கூடிப்போச்சு, கறியும் முட்டையும் குறைஞ்சுபோச்சு. இதைச் சொல்ல ஆய்வு வேண்டும் என்பதே எங்கள் பெரும்பாக்கத்துப் பெண்களுக்குச் சிரிப்பாக இருக்கும்.

என் கேள்வி வேறு. தமிழில் எழுதிவிட்டால் அது யாருக்குக் கிடைத்துவிடுகிறது?

பெரும்பாக்கம், செம்மஞ்சேரி, கண்ணகி நகர். கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து பிடுங்கி வந்து நட்ட ஜனங்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு இன்னும் கூட்டமாகக் கொண்டுவந்து எட்டு மாடிகளில் அடுக்கினார்கள். பெண்களில் பலர் விடியற்காலையில் பஸ் பிடித்து, பழைய ஏரியாவில் வீட்டு வேலைக்குப் போகிறார்கள். காலையில் டீயும் பன்னும், மதியம் கொடுத்தால் மிச்சம் மீதி, ராத்திரி ரேஷன் அரிசிச் சோறு. அந்த அரிசி 2011 ஜூன் முதல் விலையில்லாமல் கிடைக்கிறது. பட்டினியை அதுதான் விரட்டியது. அதைக் குறை சொல்பவனோடு நான் சண்டைக்கு நிற்பேன். ஆனால் அந்தக் கடையில் அரிசி, சர்க்கரை, பருப்பு, பாமாயில் இருக்கின்றன, முட்டை இல்லை. ‘அரிசியைத் தொடாதே, காலையில் நூறு பாதாம் சாப்பிடு’ என்று எவ்வளவு சுத்தமான தமிழில் சொன்னாலும், அது இந்த மாடிப்படியில் ஏறுவதற்குள் அந்நிய மொழியாகிவிடுகிறது. ஒரு கிலோ பாதாம் விலைக்கு ரெண்டு கிலோ மாட்டுக்கறி வாங்கலாம்.

அப்படியானால் மாட்டுக்கறி என்று எழுத வேண்டியதுதானே? எழுதமாட்டார்கள். எங்கள் பெரியம்மாவைத் தாம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். உணவு ஆலோசனை சொல்கிற பெண், ‘நான்வெஜ் எத்தனை நாளைக்கு ஒரு தடவை?’ என்று கேட்டாள். ‘வாரத்துல ரெண்டு நாளு மேடம். மாட்டுக்கறிதான். வேற இன்னா கட்டுப்படியாவுது?’ என்றது பெரியம்மா. பேனா ஒரு நொடி நின்றது. பிறகு ‘சிக்கன்’ என்று எழுதியது. அச்சடித்த தாளில் பனீர் இருந்தது, பாதாம் இருந்தது, வெண்ணெய் இருந்தது. ஈரல் இல்லை, சுவரொட்டி இல்லை, போட்டி இல்லை, உப்புக்கண்டம் இல்லை. வாயால் சொன்னதையே எழுத மறுக்கிற மொழிக்குத் தமிழ் என்று பெயர் வைத்தால் ஆயிற்றா?

அண்ணல் அம்பேத்கர் 1948இல் எழுதிய ‘தீண்டப்படாதார்’ நூலில் மாட்டிறைச்சியையே தீண்டாமையின் வேர்களில் ஒன்றாகக் காட்டினார். அந்த வேர் அறுந்துவிட்டதா என்ன? 2017 மே மாதம் மத்திய அரசு மாட்டுச் சந்தைகளுக்கு விதி போட்டது. அதை எதிர்த்துச் சென்னை ஐஐடி வளாகத்தில் மாட்டுக்கறி சாப்பிட்ட ஆராய்ச்சி மாணவர் ஒருவர் கண்ணில் காயம்பட அடிக்கப்பட்டார். 2022இல் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள், ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. ஆம்பூரிலேயே இந்த நிலைமை! குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயரே குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. பதனிட்ட தோலின் பெயரில் ஊர் இருக்கலாம், ரயில் நிலையம் இருக்கலாம். அந்தத் தோலுக்குள் இருந்த கறி மட்டும் டயட் சீட்டில் இருக்கக்கூடாது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பேலியோ என்றால் ஆதிமனிதன் உணவு, வேட்டையாடியவன் உணவு. இதே செங்கல்பட்டு மாவட்டத்தில் இருளர்கள் இருக்கிறார்கள். எலி பிடித்தும், ஈசல் வறுத்தும், முயல் அடித்தும், கிழங்கு தோண்டியும் வாழ்ந்தவர்கள். 1972 வனவிலங்குச் சட்டம் அவர்கள் வேட்டையைக் குற்றமாக்கியது. பாம்பு பிடிக்கிற அறிவுக்கு 2023இல் இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மற்றவர்கள் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் மாவுச்சத்து தின்றுகொண்டிருக்கிறார்கள். வேட்டைக்காரன் குடிசையில் சோறு, ஓஎம்ஆர் ஜிம்மில் வேட்டைக்காரன் உணவு!

இந்த யோசனையின் பிறப்பும் சுவாரசியமானது. 1863இல் லண்டனில் வில்லியம் பான்டிங் என்பவர், ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கை நிறுத்தித் தன் உடம்பு இளைத்த கதையைச் சிறு பிரசுரமாக எழுதி முதலில் இலவசமாகவே கொடுத்தார். பிற மொழிகளுக்கும் அது போனது. அவர் தொழில் என்ன தெரியுமா? சாவுக் காரியம் செய்வது. ராஜ குடும்பத்துச் சாவுக்கு வேலை செய்த பணக்காரர்தான், நம்ம பறையடிக்கிற தாத்தாவோடு ஒப்பிட முடியாது. இருந்தாலும், சாவு வேலை செய்தவன் சொன்ன பத்தியத்தை ஐரோப்பா கேட்டது. இங்கே சாவு வேலை செய்தவன் தின்றதையே தீட்டு என்றார்கள்.

சரி, சேரிக்குச் சேரி மொழியில் கொண்டுபோனால் போதுமா? அங்கேயும் ஒரு ஆபத்து இருக்கிறது. அதை யாரும் உரக்கப் பேசுவதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியாகச் சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது, நல்லது. ஆனால் கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையையோ இன்சுலினையோ பழைய அளவிலேயே போட்டுக்கொண்டு ஒருத்தி திடீரென்று சோற்றை நிறுத்தினால் சர்க்கரை கீழே விழும். வேர்க்கும், கை நடுங்கும், வேலை செய்கிற வீட்டுப் படிக்கட்டிலேயே மயங்கி விழலாம். டாக்டரைக் கேட்டு மருந்தைக் குறைத்த பிறகுதான் சோற்றைக் குறைக்க வேண்டும். சிறுநீரகம் கெட்டவர்கள் கறியைக் கூட்டுவதற்கு முன்னும் கேட்க வேண்டும். ‘நூறு பாதாம்’ வாய்வழியாக எவ்வளவு தூரமும் போய்விடுகிறது, இந்த எச்சரிக்கை மட்டும் பின்தங்கிவிடுகிறது. வசதியுள்ளவனுக்குப் பக்கத்திலேயே டாக்டர், கையிலேயே சர்க்கரை பார்க்கிற மெஷின். எங்களாளுக்கு வெறும் வாய்ச்செய்தி. பாதி மொழிபெயர்ப்பு ஆளைக் கொல்லும் என்று நான் சொல்வது அலங்காரத்துக்கல்ல.

பல மொழி என்று பேசுகிறவர்கள் தாம்பரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வரட்டும். குப்பை அள்ளுகிற அருந்ததியர் வீட்டில் தெலுங்கு பேசுகிறார்கள். கட்டட வேலைக்கு வந்த பீகார், ஒடிசா இளைஞர்கள் இந்தியும் ஒடியாவும் பேசுகிறார்கள். இருளர் மொழிக்கென்று சொந்த எழுத்தே கிடையாது. இவர்களுக்குப் புத்தகம் எதற்கு? மாத்திரை கொடுக்க வருகிற பெண்ணின் வாய்தான் வேண்டும். அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள். மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே பேசச் சொல்லுங்கள்.

மராட்டியத்தில் ஷாஹு பாடோலே தலித் சமையலை 2015இல் புத்தகமாக்கினார். காயவைத்த கறியும் கொழுப்பும் ரத்தமும் அதில் கூசாமல் இருக்கின்றன. நம்மிடம் எம்.ஏ. படித்தவர்கள் எத்தனை பேர் இருக்கிறோம்? அம்மாவின் உப்புக்கண்டத்தை எழுதாமல் இன்னும் எதை எழுதிக்கொண்டிருக்கிறோம்?

ரேஷனில் முட்டை கேட்போம். 2022இல் தொடங்கிய பள்ளிக் காலை உணவிலும் உப்புமா, பொங்கலோடு முட்டை கேட்போம். ஆஸ்பத்திரிச் சீட்டில் சிக்கன் என்று எழுதியிருந்தால் பக்கத்திலேயே மாட்டுக்கறி என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால், ஏன் என்பதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லி வாங்கி வாருங்கள்.