ஐந்தாந்தரப் பரீட்சையும் தோட்டப் பாடசாலையும்

கல்லூரியொன்றின் விழா மலரிலே அதன் பழம்பெருமை பேசுவதும், அங்கு பயின்று உயர்ந்தோரைப் போற்றுவதும் மரபு. அம்மரபு வாழ்க. ஆயினும், கல்லூரி வாயிலுக்கே வந்து சேராத பிள்ளைகளைப் பற்றியும் மலரின் ஒரு பக்கத்திலேனும் எண்ணிப் பார்த்தல் தகும். கலஹாவைச் சூழ்ந்த தோட்டப் பகுதியிலே ஆரம்ப வகுப்புகளுக்குத் தமிழ் கற்பிப்போர் என்னும் உரிமையால், தரம் 5 புலமைப்பரிசிற் பரீட்சை குறித்துச் சில கருத்துகளை அன்பர்கள் முன் வைக்கின்றோம்.

இப்பரீட்சை நன்னோக்கத்தோடு பிறந்தது. 1940களிலே கல்வி மந்திரியாக விளங்கிய சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்கள், இலவசக் கல்வியோடு மத்திய பாடசாலைகளையும் நாட்டின் பல பாகங்களில் நிறுவினார். கிராமத்து ஏழைப் பிள்ளைகளுள் திறமை மிக்கோரைத் தேர்ந்து அங்கு கற்பிக்கவே புலமைப்பரிசில் வகுக்கப்பட்டது. ஏழைக்கு ஏணியாக வந்த திட்டம் அது.

அந்த ஏணி தோட்டத்துப் பிள்ளையின் கைக்கெட்டப் பல்லாண்டுகள் சென்றன. கலஹாவுக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரைத் தோட்டத்திலே 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இலங்கைத் தேயிலையின் பெருவாழ்வு அங்கே தொடங்கிற்று. ஆனால், அம்மலைகளில் உழைத்தோரின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின்மேற் சுமத்திய சட்டங்களோ 1907இலும் 1920இலுமே வந்தன. ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடிவு என்பதே அப்பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றின் நிலை. 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் அவை தேசிய அமைப்புக்குப் புறத்தே நின்றன. 1970களின் பிற்பகுதியிலேதான் அரசு அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. மற்றையோர் ஒரு தலைமுறைக் காலம் ஓடிய பின்னரே இவர்கள் ஓடத் தொடங்கினர். இதனை மறந்து புள்ளிகளை மட்டும் ஒப்பிடுதல் நீதியாகாது.

இனி, பரீட்சை எதனை அளக்கின்றது என்று நோக்குவோம். இரு வினாத்தாள்களுக்கும் மொத்தம் 200 புள்ளிகள். 70 புள்ளி பெற்றோர் அடிப்படைத் தேர்ச்சி உடையோராகக் கொள்ளப்படுவர். உதவிப்பணத்துக்குரிய வெட்டுப்புள்ளியோ அதனினும் மிக உயர்ந்தது. மாவட்டத்துக்கும் மொழிமூலத்துக்கும் ஏற்ப வகுக்கப்படுவது. 2024ஆம் ஆண்டுப் பரீட்சையில் நாடு முழுவதிலும் 70 புள்ளிக்கு மேற் பெற்றோர் நான்கில் மூவருக்கும் அதிகம். வெட்டுப்புள்ளியைத் தாண்டியோர் ஏறத்தாழ ஆறில் ஒருவரே. ஆகவே வெட்டுப்புள்ளி என்பது இத்தனை பேருக்கே இடமுண்டு என்று காட்டும் கோடேயன்றி, அறிவுக்கும் அறியாமைக்கும் இடையிலுள்ள எல்லையன்று. ஊராரோ அதனைத் தாண்டாத பத்து வயதுக் குழந்தையைத் 'தவறிய பிள்ளை' என்கின்றனர். இச்சொல்லினும் கொடியது வேறுண்டோ?

கண்டி நகரிலே மாலைதோறும் பிரத்தியேக வகுப்புக்குச் செல்லும் பிள்ளைக்கும், தாய் கொழுந்து கொய்து திரும்பும்வரை லயத்திலே தம்பி தங்கையரைப் பார்த்திருக்கும் பிள்ளைக்கும் மாவட்டம் ஒன்று, மொழியும் ஒன்று, ஆதலின் வெட்டுப்புள்ளியும் ஒன்றே. வீட்டிலே நூலும் நாளிதழும் காணாத பிள்ளை, வினாவின் பொருளை வாசித்து உணர்வதற்குள்ளேயே நேரத்தின் பெரும்பகுதியை இழந்துவிடுகின்றது. நுண்ணறிவுத் தாளிலே அப்பிள்ளை பின்தங்குவது பல வேளைகளில் நுண்ணறிவுக் குறைவாலன்று; வாசிப்புக் குறைவால் என்பதைத் தமிழாசிரியர் நன்கறிவர்.

இந்நிலையில், வெட்டுப்புள்ளியைத் தாண்டியோரின் தொகையைக் கொண்டே ஆரம்பப் பாடசாலையின் தரத்தை அளப்பதால் விளையும் கேடு பெரிது. வல்ல ஆசிரியர் ஐந்தாந்தரத்துக்கு ஒதுக்கப்படுகின்றார். முதலாந்தரம் கிடைத்தவர் கையில் விடப்படுகின்றது. சித்திரமும் பாட்டும் விளையாட்டும் கடந்தகால வினாத்தாள்களுக்கு இடம்விட்டு ஒதுங்குகின்றன. தேறக்கூடிய நால்வர் முன்வரிசையில் அமர்கின்றனர்; ஏனைய இருபதின்மர் பின்வரிசையில் மௌனமாக ஆண்டைக் கழிக்கின்றனர். அந்த மௌனத்தின் பயனைப் பின்னர் சாதாரண தரப் பரீட்சையிலே காண்கின்றோம். அப்போது வருந்தி ஆவதென்ன?

அப்படியாயின் பரீட்சையை ஒழித்துவிடலாமே என்பாருமுளர். இங்கிலாந்திலே 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தைத் தொடர்ந்து பதினொரு வயதுப் பிள்ளைகளைப் பிரித்த பரீட்சை, 1965ஆம் ஆண்டின் பின் பெரும்பாலான பகுதிகளில் கைவிடப்பட்டது. தென்கொரியாவும் 1969 தொட்டு நடுநிலைப் பாடசாலை அனுமதிப் பரீட்சையைப் படிப்படியாக நீக்கியது. அவ்வாறு நீக்குவதெனின், எப்பாடசாலைக்குச் சென்றாலும் ஏறக்குறைய ஒத்த கல்வி கிடைக்க வேண்டும். நம் நாட்டிலோ பெரிய பாடசாலைகளின் முதலாந்தர அனுமதியிலே அருகில் வசிப்போருக்கும் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கும் தனித்தனி ஒதுக்கீடு உண்டு. தோட்டத்துப் பிள்ளைக்கு இவ்விரண்டும் இல்லை. அதற்கு எஞ்சிய ஒரே வாயில் இப்பரீட்சை. பாடசாலைகள் சமனாகுமுன் அவ்வாயிலை அடைத்தல் ஏழைக்கு இழைக்கும் அநீதியாகவே முடியும். ஆகவே பரீட்சை இருக்கட்டும். அது பிள்ளையின் மதிப்பையும் பாடசாலையின் மதிப்பையும் அளக்கும் கோலாக இருத்தல் வேண்டா என்பதே நம் துணிபு.

மற்றுமொன்று. வாயிலைக் கடந்த பிள்ளைக்கும் வழி எளிதன்று. மாதாந்த உதவிப்பணம் 2025இல் 750 ரூபாவிலிருந்து 1,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் மலைத்தோட்டத்திலிருந்து கண்டிக்கு நாள்தோறும் பஸ் வண்டியிற் சென்றுவரும் செலவுக்கும், சீருடை, பாதணி, உணவு ஆகியவற்றுக்கும் அத்தொகை எம்மட்டு? விடுதியிலே இடம் கிடையாமையால், தகுதி பெற்றும் தோட்டத்தருகிலேயே தங்கிவிடும் பிள்ளைகள் உளர்.

பழைய மாணவர்களாகிய அன்பர்கள் ஆண்டுதோறும் வெட்டுப்புள்ளி கடந்தோருக்கு மாலையிட்டு, பரிசளித்து, படம் பிடித்துப் பாராட்டி வருகின்றனர். அப்பணியைக் குறைகூறோம். ஆயினும் இவ்விழா ஆண்டிலே மூன்று செயல்களை வேண்டுகின்றோம். முதலாவது, தோட்டப் பாடசாலைகளின் முதல் மூன்று தரங்களுக்கு நல்ல தமிழ்க் கதைநூல்கள் வழங்குதல். இரண்டாவது, தகுதி பெற்றும் செல்ல வழியற்ற பிள்ளைகளுக்கு விடுதிச் செலவையோ பயணச் செலவையோ சாதாரண தரம் முடியும்வரை ஏற்றல். மூன்றாவது, 70 புள்ளியை எட்டாத பிள்ளைகளுக்கு ஆறாந்தரத்திலே மாலை நேர வாசிப்பு வகுப்புகள் நடத்தத் துணை நிற்றல். முதலிரண்டும் பொருளுதவி, மூன்றாவதற்குப் பொருளினும் நேரமே வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நம் சங்கத்திலே பலர் உளரன்றோ?

நாற்றங்காலில் முதலில் தலைநீட்டிய கன்றுகளுக்கு மட்டும் நீர் வார்ப்பவனைத் தோட்டக்காரன் என்று எவரும் கூறார். மலைநாட்டிலே கன்று வளர்த்துப் பழகிய நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. வாசிக்கத் தெரியாது ஐந்தாந்தரத்தைக் கடக்கும் பிள்ளை எங்கள் பகுதியில் ஒன்றேனும் இல்லை என்று கூறத்தக்க நாள் வருமாயின், அதுவே நம் கல்லூரி கொண்டாடத்தக்க உண்மையான விழாவாகும்.