"அவனுக்கென்ன, காது கேக்காது"

எங்கட ஊர்ல ஒரு பேச்சு இருக்கு. "அவனுக்கென்ன, காது கேக்காது, ஒரு கவலையுமில்லாம இருக்கான்." நாங்களும் சின்ன வயசில இதைச் சொல்லிச் சிரிச்சவங்கதான். அந்தச் சிரிப்புக்கு எதிராகத்தான் இன்றைக்கு எழுதுகிறோம்.

காது கேளாமை மனநோயல்ல. ஆனா வீட்டுல பத்துப்பேர் கூடியிருந்து கதைக்க, "என்ன?" என்று கேட்டால் "ஒண்டுமில்ல, பொறகு சொல்றன்" என்று கையை ஆட்டிவிடுகிறோமே, அந்தத் தனிமை நோயாகும். கேளாதோரிடம் மனச்சோர்வும் பதகளிப்பும் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுவதாக ஆய்வுகள் சொல்வதில் என்ன வியப்பு? 2004 டிசம்பர் 26 கடல் வந்தபோதும், 2019 ஏப்ரல் 26 இரவு குண்டு வெடித்தபோதும் ஊர் ஏன் ஓடுது என்று அவங்களுக்கு யார் சொன்னது? பிறகு அந்தப் பயத்தை யார் கேட்டது?

எங்களில் ஒருவர் உறவினரோடு ஒரு கிளினிக்குக்குப் போனபோது பார்த்தது இது. "ஆக்களில்லாமக் குரல் கேக்குதா?" என்று வைத்தியர் கேட்டார். கூட வந்த மகள் பள்ளிக்கூடப் பிள்ளை. அவள் தெரிந்தபடி கைகாட்ட, வாப்பா தலையாட்டினார். விளங்காட்டியும் தலையாட்டுவது அவர் ஆயுசு முழுக்கப் பழகினது. அந்தத் தலையாட்டல்தான் துண்டில் ஏறுகிறது. "சாக நினைக்கிறீங்களா வாப்பா?" என்று ஒரு பிள்ளையே கேட்கவும் வேண்டுமா?

மொழி விளங்காவிட்டால் என்ன நடக்கும்? அமெரிக்காவின் வட கரோலினாவில், காது கேளாத கறுப்பினத்தவரான ஜூனியஸ் வில்சனை 1925இல் விசரென்று அடைத்தார்கள். அவர் மீதான குற்றச்சாட்டு 1970இல் கைவிடப்பட்டது. ஆனாலும் 2001இல் அவர் இறந்தது அந்த ஆஸ்பத்திரி வளவில்தான். இங்கிலாந்திலோ 1968இலேயே விட்டிங்ஹாம் ஆஸ்பத்திரியில் கேளாதோருக்கென்று தனி மனநலப் பிரிவு திறந்துவிட்டார்கள்.

எங்களுக்கு 1926 என்ற அழைப்பு எண் இருக்கு. "எழுதி அனுப்பலாமே" என்பீர்கள். பிறவியில் கேளாத பலருக்குச் சைகைதான் முதல் மொழி. எழுத்துத் தமிழ் பிறகு, அதுவும் பள்ளிக்கூடம் கிடைத்தால் மட்டும், படிக்கிற இரண்டாம் மொழி. சைகை மொழியை ஏற்கச் சொல்லும் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதிப்படுத்தியது. கையெழுத்து மட்டும் வைத்தியம் பார்க்காது.

"காசில்ல" என்று சொல்லவேண்டாம். கல்யாண வீட்டுக்கு ட்ரோன் கமரா பிடிக்கிற ஊர் இது. மனநலக் கிளினிக் நாட்களில் சம்பளத்துக்கு ஒரு சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும். நேரில் முடியாவிட்டால் வீடியோ அழைப்பிலாவது வரட்டும். பிள்ளைகளை அந்தக் கதிரையிலிருந்து எழுப்புங்கள். பள்ளிவாசல்கள் சேர்ந்து இரண்டு இளைஞரையாவது சைகை மொழி படிக்க அனுப்பட்டும். ஆயுசு முழுக்க வெள்ளிக்கிழமைக் குத்பாவை வெறுமனே பார்த்துக்கொண்டே இருக்கிறவங்களுக்கு ஊர் பட்ட கடன் அது.

எங்களில் எத்தனை பேருக்குச் சைகையில் "சுகமா?" என்று கேட்கத் தெரியும்? ஒருவருக்கும் தெரியாது. முதலில் அதைப் படிக்கப்போகிறோம்.