கண்ணில் பால் விடுவதை நிறுத்துங்கள்

கதிரடிக்கும் களத்தில் ஒரு பெண்ணின் கண்ணை நெல்தாள் கீறிவிட்டால் அடுத்து என்ன நடக்கும் என்பது கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். முந்தானையைச் சுருட்டி, வாயால் ஊதி, கண்ணில் ஒற்றுவார்கள். துரும்பு உள்ளே இருந்தால் ஒரு பாட்டி நாக்கால் வழித்தெடுப்பார். பிறகு, கைக்குழந்தைக்காரி யாராவது வந்து இரண்டு சொட்டுத் தாய்ப்பால் பீய்ச்சுவாள். “நாளைக்குச் சரியாப் போயிடும்” என்று அனுப்பி வைப்பார்கள். பெரும்பாலும் சரியாகியும் விடும். அதுதான் சிக்கல்.

கருவிழியின் மேல்தோல் வெகு விரைவாக ஆறக்கூடியது. சிறு கீறல், எதுவும் விடாமலே ஓரிரு நாளில் மூடிக்கொள்ளும். ஆற்றுவது உடம்பு, பெயர் வாங்குவது பால். பத்துப் பேருக்கு ஆறியதை ஊர் நினைவில் வைத்துக்கொள்கிறது. ஆறாமல் பூ விழுந்து பார்வை போனவரை ‘விதி’ என்று ஒதுக்கிவிடுகிறது.

அந்த ‘விதி’க்குப் பெயர் உண்டு. மண்ணிலும் பயிரிலும் மட்கும் இலையிலும் வாழும் ஃபியூசேரியம், ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகள் அவை. காயமில்லாத கருவிழிக்குள் அவை எளிதில் நுழைய முடியாது. தாளோ முள்ளோ கீறும்போது உள்ளே போய்விடுகின்றன. கருவிழியின் தடிமனே அரை மில்லிமீட்டர் அளவுதான். பூஞ்சை இழை அதைத் துளைத்துக் கண்ணுக்குள்ளும் இறங்கும். கண் வெளுக்கச் சில நாள்கள் ஆகலாம், சில வாரங்களும் ஆகலாம். அதற்குள் பால் விட்ட கதையே மறந்துபோயிருக்கும்.

இது எங்கோ நடப்பதல்ல. 1994இன் முதல் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். ஏறக்குறைய மூன்றில் இருவருக்குக் கண்ணில் அடிபட்டிருந்தது. கிருமி கண்டறியப்பட்டவர்களில் பாதிப் பேருக்குச் சற்றுக் குறைவானவர்களிடம் இருந்தது பூஞ்சை மட்டுமே. அதிலும் முதலிடம் ஃபியூசேரியத்துக்கு.

“தாய்ப்பாலில் நோய் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதே” என்பார்கள். இருக்கிறது, குழந்தைக்கு. திறந்த காயத்தில் இறங்கிய பூஞ்சையை அழிக்கும் மருந்தல்ல அது. நாக்கால் எடுப்பதோ வாயிலுள்ள கிருமிகளையும் சேர்த்துப் பூசும் வேலை.

பாட்டியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. படித்தவர் செய்வது இதைவிட மோசம். நேரே மருந்துக்கடைக்குப் போய், “கண்ணு சிவந்திருக்கு, ஒரு சொட்டு மருந்து குடுங்க” என்கிறார். ஸ்டீராய்டு கலந்த குப்பி கைக்கு வருகிறது. சிவப்பும் வலியும் குறைகின்றன. உடம்பின் எதிர்ப்பை ஸ்டீராய்டு அடக்கிவிட்டதால் வந்த நிம்மதி அது. உள்ளே பூஞ்சை தடையின்றிப் பரவுகிறது. மருத்துவர் சீட்டு இல்லாமல் இந்த மருந்தை விற்கக்கூடாது என்பது சட்டம். கேட்டதும் எடுத்துக்கொடுக்கும் கடைக்காரர் பார்வையைப் பறிக்கும் பாவத்தில் பங்காளி.

கண் மருத்துவமனையிலோ, புண்ணின் ஓரத்தைச் சுரண்டியெடுத்த துணுக்கில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு துளி விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், கிளைவிட்ட பூஞ்சை இழைகள் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். பிறகு பூஞ்சைக்கான நாடமைசின் சொட்டு, தொடக்கத்தில் மணிக்கொரு முறை. வாரக்கணக்கில் தொடர வேண்டியிருக்கும். கடை மேசைக்குப் பின்னால் நின்று பார்த்தால் எந்த இழையும் தெரியாது.

“ஒரு நாள் கூலி போய்விடுமே” என்பது நியாயமான கவலை. ஆனால் முற்றிய புண்ணுக்குக் கருவிழியையே மாற்ற நேரிடும். அப்போது போவது ஒரு நாள் கூலி அல்ல. நேபாளத்தின் பக்தபூரில் நடந்த, 2001இல் வெளியான ஆய்வில், கருவிழி கீறிய 18 மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் களிம்பு தொடங்கிய ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. காலத்தே செய்தால் களிம்பே போதுமாயிருந்தது.

ஆகவே, கண்ணில் தூசி விழுந்தால் சுத்தமான நீரால் கழுவுங்கள்; கசக்காதீர்கள். ஏதாவது குத்தி நின்றால் பிடுங்காதீர்கள், கழுவவும் வேண்டாம்; அழுத்தாமல் மூடிக்கொண்டு கிளம்புங்கள். பால், எண்ணெய், பூச்சாறு, கடைச் சொட்டு எதுவும் வேண்டாம். பயிரோ முள்ளோ கீறியது என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல், பட்ட அன்றே போங்கள்.